கதை நூல்களும் நம்மவர் வாசிப்பும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கழகத்தார் கேட்டபோது, கல்வியின் பெருமையைப் பற்றி எழுதுவார் பலர் இருப்பர் என்று எண்ணினேன். உதவித்தொகை, விடுதி, தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றி என்னினும் நன்கு எழுதத் தகுதியுடையோர் நம்மிடையே உள்ளனர். ஆகவே, நம் கூட்டங்களில் எவரும் பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது கதைப் புத்தகம். அதிலும், பெரியோர் பலர் முகஞ்சுளிக்கும் துப்பறியும் கதையும், வேற்றுக் கோளுக்கும் வருங்காலத்திற்கும் நம்மை அழைத்துச் செல்லும் விஞ்ஞானக் கதையும். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்போருக்கு வரலாற்றைக் கொண்டே விடை கூற முயல்கிறேன்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நம் இளைஞர் பலர் அறிவர். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அடிக்கல் நாட்டப்பெற்று, 2010 செப்டம்பர் 15ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அவர்களால் அது திறந்து வைக்கப்பெற்றது. எட்டு ஏக்கர் நிலத்தில் எழுந்த அம்மாளிகை, 12 இலட்சம் நூல்களுக்கு இடங்கொடுக்கும் வகையில் கட்டப்பட்டது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல்கள் தரைத்தளத்தில் உள்ளன. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. தமிழ் நூல்களுக்கு இரண்டாம் தளம். தாம் கொண்டுவரும் புத்தகத்தையே வைத்துப் படிப்போருக்கும் தனியே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாயிலில் இருப்பவர் பையை வைத்துவிட்டுப் போகச் சொல்வார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

சொந்தப் புத்தகம் படிக்கும் அப்பகுதியில் எந்நாளும் கூட்டம் நிறைந்திருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் இளம்பெண்களும் காலையிலேயே வந்து இடம் பிடிக்கின்றனர். ஓர் அறையே வீடாகவும், அவ்வீட்டில் ஐவரோ அறுவரோ உறங்கவும் நேரும் குடும்பத்துப் பிள்ளைக்கு, மேசையும் விளக்கும் அமைதியும் கிடைப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. ஆயின், அங்கு நாள்தோறும் வந்து செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் மாடி ஏறிச் சென்று, எத்தேர்வுக்கும் பயன்படாத ஒரு கதை நூலை ஆசையோடு எடுத்துப் பிரித்திருப்பர்?

‘கதை படித்து என்ன ஆகப்போகிறது?’ என்பது நம் வீடுகளில் வழங்கும் கேள்வி. அக்கேள்வியை நான் இகழவில்லை. நாட்கூலியைச் சேர்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தை, பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் பார்ப்பது இயல்பு. என் தந்தையாரும் அவ்வாறே பார்த்தார். பூகோளப் புத்தகத்திற்குள் சங்கர்லாலை ஒளித்துவைத்துப் படித்ததற்காக அவர் கையால் நான் வாங்கிய அடி நினைவில் இருக்கிறது. ஆனால், விரைந்து வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்தது பூகோளத்தால் அன்று என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கோட்டூர்புரத்திற்குச் சிறிது கிழக்கே, அதே அடையாற்றின் தென்கரையில் ஊரூர் என்னும் பழைய ஊர் இருக்கிறது. பிரம்மஞான சபையின் தலைமையிடம் அருகிலேயே அமைந்தது. அச்சபையின் தலைவராயிருந்த கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு அவ்விடத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அத்தகைய பள்ளிகள் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் ஏற்பட்டன. சென்னையின் தென்பகுதிச் சேரிகளில் வாழ்ந்த நம் முன்னோர் பலர் எழுத்தை முதன்முதலாகக் கண்டது இப்பள்ளிகளில்தான்.

அதே 1894ஆம் ஆண்டில் சென்னையில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பண்டித நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தமிழில் வந்த முதல் துப்பறியும் கதை நூல் என்று அதனைக் கூறுவர். ஒருபுறம் ஒரு சாரார் துப்பறியும் கதையைப் பொழுதுபோக்காகப் படிக்கத் தொடங்கிய ஆண்டே, மறுபுறம் நம் குழந்தைகள் சிலர் ‘அ’ எழுதத் தொடங்கிய ஆண்டாகவும் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தொலைவைக் கடக்கவே நமக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின.

எனினும், நம்மவர் எழுத்தறியாதவராகவே இருந்தனர் என்று எண்ணிவிடுதல் கூடாது. சென்னையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். விலையைப் பெயரிலேயே தாங்கி வந்த இதழ் அது. ஓராண்டு சென்றபின் ‘தமிழன்’ என்று பெயர் மாறி, 1914இல் அவர் மறையும்வரை இடைவிடாது வந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கிய தொழிலாளரும், கடல் கடந்து சென்ற தமிழரும் அதன் வாசகராயிருந்தனர். அப்பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பணியாற்றியவர். அவர் தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி ஓலைச் சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். நூலை இழந்து நின்ற சமுதாயம் என்று நம்மைக் கூறுவோர், நூலைக் காத்தளித்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இவை சமூகப் போராட்டத்திற்கான எழுத்துகள். களிப்பிற்கான வாசிப்பு எங்கிருந்தது? சென்னைப் பூங்காநகர்ப் பக்கத்தில் குஜிலிக் கடை என்னும் அங்காடி இருந்தது. பெரிய எழுத்தில், மலிவான தாளில் அச்சிட்ட கதைப் பாட்டுகள் அங்கே காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. மதுரைவீரன் கதை, காத்தவராயன் கதை முதலியன அவற்றுள் அடங்கும். எங்கேனும் ஒரு கொலை நிகழ்ந்தால், சில நாட்களில் அதைப் பற்றிய ‘கொலைச் சிந்து’ அச்சாகிவிடும். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் புகைவண்டிகளிலும் பாடிக்கொண்டே அதை விற்பர். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, தெருவே சூழ்ந்திருந்து கேட்கும். புலவர்கள் இவற்றை இலக்கியமாக மதித்ததில்லை. ஆனால், சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரனும், பறையர் வீட்டில் வளர்ந்த காத்தனும் கதைத் தலைவராக நின்றது இந்தக் காலணாப் புத்தகங்களில்தான். அக்கதைகளில் ஒரு தனித்தன்மை உண்டு. வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான், காத்தவராயன் கழுவேற்றப்பட்டான். அதைச் செய்தவர் யார் என்று எவரும் துப்பறிய வேண்டியதில்லை. ஊரே அறியும், அரசனும் அறிவான். இச்செய்தியைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல் பெருகிற்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்து பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தனை அக்காலத்தார் உயிருள்ள மனிதனைப் போலவே பேசினர். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவி ‘இரத்தினபுரி இரகசியம்’ போன்ற நாவல்களைப் பல பாகங்களாக எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலே 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்ற திரைப்படமாயிற்று. அதில் நம்பியார் பல வேடங்களில் வந்தது முதியோர் சிலருக்கு நினைவிருக்கலாம். பெண்களும் பின்தங்கவில்லை. எழுதப் போதிய பயிற்சியின்றித் தம் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுதுவித்த வை. மு. கோதைநாயகி அம்மாள், பின்னர் நூற்றுக்குமேல் நாவல்கள் எழுதினார். ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்தினார். முறையான கல்வி வாய்க்காத ஒருவர் கதையின் வழியாகவே எழுத்துக்குள் நுழைந்த சான்று அது. அவர் உயர்சாதியிற் பிறந்தவர். அவருக்கு வாய்த்த அச்சும் காகிதமும் நம் பாட்டிமார்க்கு வாய்த்ததில்லை. எனினும் அவ்வழி நமக்கும் பொருந்தும்.

பின்னர்த் தேவனின் துப்பறியும் சாம்பு சிரிக்கவைத்தான். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். தமிழ்வாணன் நடை எளியது, சொற்றொடர் சிறியது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவன்கூட ஒரு பக்கத்தை முடித்துவிடலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு இதன் அருமை தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த ‘முத்து காமிக்ஸ்’ அதனினும் எளிதாயிற்று. அதன் முதல் இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துபோவான். பாதி துப்பறியும் கதை, பாதி விஞ்ஞானக் கதை. எழுத்துத் தடுக்கும் இடத்தில் படம் கைகொடுக்கும். ஒரு புத்தகம் பத்துப் பேர் கைமாறி, அட்டை போய், நடுப்பக்கமும் போய், முடிவை ஊகித்தே கதையைச் சொன்ன நண்பர்கள் எனக்கிருந்தனர்.

1980களில் மாத நாவல்கள் பேருந்து நிலையந்தோறும் தொங்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று எழுத்தாளர் பெயர்களைத் தமிழ்நாடே சொல்லிற்று. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் மட்டும் 1,500க்கு மேல். ‘எல்லாரும் படித்த காலம்’ என்று அதனைச் சிலர் ஏக்கத்தோடு எழுதுவதைப் பார்க்கிறேன். எல்லாரும் என்பதில் நாம் அடங்குவோமா? 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டுத் தாழ்த்தப்பட்டோருள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு முப்பதின்மருக்கும் குறைவு. கடைக் கயிற்றில் தொங்கிய புத்தகத்தை நம்மவருள் எழுபது பேர் பார்த்தவாறே நடந்து சென்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் எழுத்தறிந்தவர் தொகை நூற்றுக்கு 73 ஆயிற்று. நம் கழகம் போன்ற அமைப்புகள் ஊர்தோறும் நடத்திய மாலை வகுப்புகளுக்கும் இவ்வளர்ச்சியில் பங்குண்டு.

துப்பறியும் கதையைப் புகழ்ந்துவிட்டு மேலே செல்ல என் மனம் இசையவில்லை. அதனிடம் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1871இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றவாளி என்பதற்குச் சான்று என்று அச்சட்டம் கொண்டது. தமிழில் துப்பறியும் நாவல் பெருகிய காலமும் ஏறக்குறைய அதுவே. மேனாட்டில் எட்கார் ஆலன் போ 1841இல் தொடங்கி வைத்த துப்பறியும் கதையின் அடிப்படை யாது? ஒருவனுடைய பிறப்பையோ தோற்றத்தையோ கொண்டு முடிவு செய்யாதே, சான்றைத் தேடு என்பதுதானே! ஆகவே, அக்கதையின் அறம் அச்சட்டத்திற்கு நேர் எதிரானது. ஆயின், எழுதியோர் எல்லாரும் அவ்வறத்தைக் காத்தனரா? அழுக்குச் சட்டையும், சேரி முகவரியும், கொச்சைப் பேச்சும் உடையவனே அடியாளாக வருவதை எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! துப்பறிபவர் பங்களாவில் வாழ்வார். சந்தேகம் வேலைக்காரன் மேல் விழும். இத்தகைய இடத்தை இளைஞர்கள் காணும்போது புத்தகத்தை மூடிவிட வேண்டா. சங்கர்லால் குற்றவாளியைப் பார்ப்பது போல, ஆசிரியரை ஐயத்தோடு பாருங்கள். சான்று எங்கே என்று அவரையே கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்தத் துப்பறியும் நாவலானாலும் கடைசிப் பக்கத்தில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவருள் மிகுதி. மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலை பெற்றனர். காத்தவராயன் கதையில் கண்டதே இங்கும் நிகழ்ந்தது. யார் என்பது ஊருக்குத் தெரியும், சான்று மட்டும் போதவில்லை. இதை அறிந்த நமக்குத் துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கம் விண்வெளிக் கதையினும் பெரிய கற்பனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்கக் கறுப்பர் இனத்து எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ் இவ்வுண்மையை அறிந்து எழுதியவர். சிறையிலிருந்தபோது எழுதத் தொடங்கிய அவர், 1957 முதல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைக் களமாக வைத்துத் துப்பறியும் நாவல்களை வெளியிட்டார். அவற்றில் துப்பறிவோர் இருவரும் கறுப்பர். குற்றவாளி அகப்பட்ட பின்னும் தெருவின் அநீதி அப்படியே நிற்கும். தமிழில் நம் எழுத்தாளர் தன்வரலாறும் புதினமும் சிறக்க எழுதியுள்ளனர். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இலும், பாமாவின் ‘கருக்கு’ 1992இலும் வந்தன. ஹைம்ஸ் செய்ததைச் செய்யும் ஒருவரை நான் இன்னும் எதிர்நோக்கியிருக்கிறேன். கச்சேரி வாசலில் மனுவோடு காத்து நின்ற அனுபவம் நம்மைப்போல் யாருக்கு உண்டு?

விஞ்ஞானக் கதைக்கு வருகிறேன். ‘நடக்காததை எழுதுவது’ என்று இதனை எளிதில் தள்ளிவிடுவர். 1905ஆம் ஆண்டு சென்னையில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய ஆங்கில மாதர் இதழில் ஒரு சிறுகதை வந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணியான பேகம் ரொக்கையா. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. அதில் ஒரு நாட்டில் பெண்கள் ஆளுகின்றனர். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கின்றனர். சூரிய வெப்பத்தால் அடுப்பெரிகிறது. வானத்து நீரைக் குழாயால் இறக்கிக்கொள்கின்றனர். வானூர்தியில் பயணம் செய்கின்றனர். ரைட் சகோதரர் பறந்து இரண்டாண்டுகூட நிறையாத காலம் அது! பள்ளிக்கு அனுப்பப்படாது, அண்ணனிடம் இரவில் இரகசியமாக ஆங்கிலம் கற்ற ஒரு பெண் அதை எழுதினார். அடைபட்டவர் விடுதலையை முதலில் கற்பனையில்தான் கட்டுகின்றனர். நம் அயோத்திதாசரும் ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதி, சாதியற்ற ஒரு பழைய பௌத்த நாட்டைச் சொல்லால் எழுப்பிக் காட்டினார். வரலாற்றாசிரியர் அதில் பல செய்திகளை ஏற்கமாட்டார்கள். அவர் கடந்த காலத்தின் பக்கம் திரும்பிச் செய்ததை, விஞ்ஞானக் கதை வருங்காலத்தின் பக்கம் திரும்பிச் செய்கிறது என்பது என் கருத்து.

தமிழில் இத்துறையைப் பரப்பியவர் சுஜாதா. ரங்கராஜன் என்பது அவர் இயற்பெயர். 1935இல் பிறந்து 2008இல் மறைந்தார். பொறியாளரான அவர், நாம் இன்று வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தை உருவாக்கிய பணியிலும் பங்குகொண்டவர். கணேஷ், வசந்த் என்ற இரு வழக்கறிஞரை வைத்துத் துப்பறியும் கதைகளும் அவரே எழுதினார். 1980களில் ‘ஆனந்த விகட’னில் வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டுவாக்கில் நடப்பதாகப் புனைந்த கதை. ஜீனோ என்னும் இயந்திர நாய் அதில் எல்லார் உள்ளத்தையும் கவர்ந்தது. அந்நாட்டில் எவருடைய பெயரும் இரண்டு எழுத்துக்கு மேல் இருத்தலாகாது. கொடுங்கோல் ஆட்சியின் அடையாளமாகவே ஆசிரியர் அதனை வைத்தார். நானோ அதைப் படித்தபோது, பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதற்கு இடமில்லாமற் போயிற்றே என்று உள்ளூர மகிழ்ந்தேன்! ஒரே பக்கத்தை இருவர் இருவேறாகப் படிப்பர் என்பதற்கு இதைச் சொன்னேன். அந்த 2021ஆம் ஆண்டும் வந்து போய்விட்டது. இயந்திர நாய் உண்மையிலேயே வந்துவிட்டது. மலக்குழிக்குள் மனிதன் இறங்கிச் சாவது நின்றபாடில்லை. நம் இளைஞன் ஒருவன் விஞ்ஞானக் கதை எழுதினால் எதில் தொடங்குவான் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அமெரிக்காவில் ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண்மணி இத்துறையில் பெரும்புகழ் பெற்றார். தந்தையை இளமையிலேயே இழந்தவர்; தாய் வீட்டு வேலை செய்தவர். வேலை செய்த வீடுகளில் கழித்துப்போட்ட பழைய புத்தகங்களை அத்தாய் மகளுக்கு எடுத்துவந்து கொடுப்பார். பசடீனா நகரப் பொது நூலகம் அச்சிறுமிக்கு இரண்டாவது வீடாயிற்று. 1979இல் அவர் எழுதிய நாவலில், இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண் ஒருத்தி காலத்தைக் கடந்து அடிமை முறை நிலவிய நாளுக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். தன் முன்னோர் பட்ட துயரத்தை அவள் தன் உடம்பிலேயே படுகிறாள். நம் பெண்களுள் பலர் வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். எடைக்குப் போடும் பழைய புத்தகத்தை அவர்கள் கேட்டு வாங்கி வருவதும் உண்டு. அது வினாத்தாள் தொகுப்பாக இருந்தால் மகிழ்கிறோம். கதைப் புத்தகமாக இருந்தால் அடுப்பெரிக்கப் போய்விடுகிறது.

நூலகத்தின் கதவு நமக்குத் தானாகத் திறந்துவிடவில்லை. சென்னையின் கன்னிமாரா நூலகம் 1896இலேயே திறக்கப்பெற்றது; ஆனால் பொது இடம் என்பது நமக்கும் பொதுவே என்பதை நிலைநாட்ட இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் போராடினார். பொதுத் தெருவும் கிணறும் பொது இடங்களும் நம்மவர்க்கும் உரியன என்ற தீர்மானம் நிறைவேறிற்று. பள்ளி ஆசிரியராயிருந்து தலைவரான எம். சி. ராஜா கொண்டுவந்த முன்வரைவு 1938இல் சட்டமாகி, பொது இடங்களில் நம்மைத் தடுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பின் பயன் அது. வீட்டு வரியோடு சேர்த்துத் தண்டும் நூலக வரியால் நூலகங்கள் நடைபெறலாயின. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கேற்ற நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகன் உண்டு என்பது ரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகளின் கருத்து. உயர்ந்த நூல், தாழ்ந்த நூல் என்று அவர் அங்கே பிரிக்கவில்லை. தாழ்வு என்ற சொல்லின் கொடுமையை அறிந்த நாம், கதை நூலைத் தாழ்ந்த நூல் என்று ஒதுக்குவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் இளைஞனாக மெம்பிஸ் நகரில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த நூலகத்தில் கறுப்பருக்குப் புத்தகம் தரமாட்டார்கள். உடன் வேலை பார்த்த வெள்ளையர் ஒருவரின் அட்டையை இரவல் பெற்று, அவர் எழுதியதைப் போலவே ஒரு சீட்டையும் எழுதிக்கொண்டு, எசமானுக்குப் புத்தகம் வாங்க வந்த வேலைக்காரனைப் போல ரைட் நின்றார். அவ்வாறு வாங்கிய புத்தகங்களே அவரை எழுத்தாளராக்கின. நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் பட்டினி கிடந்து பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார். முதல் உலகப்போரின்போது, 1917இல், அப்புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்டு மூழ்கிற்று. அவர் மீண்டும் சேர்த்தார். பம்பாய்த் தாதரில் அவர் கட்டிய ‘ராஜகிருகம்’ புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு எனலாம்.

கோட்டூர்புரத்துக் கதவும் ஒருமுறை அடைபட இருந்தது. 2011 நவம்பர் 2ஆம் நாள், அந்நூலகத்தை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. மருத்துவமனையும் ஏழைக்கு வேண்டுவதே. அதனால் இதை எதிர்ப்பது சிலருக்குத் தயக்கமாகவும் இருந்தது. ஆயினும் எழுத்தாளரும் மாணவரும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். வழக்குத் தொடுக்கப்பட்டது. இரண்டே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னரும் சில ஆண்டுகள், நூலகம் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்ற முறையீட்டின் பேரில் நீதிமன்றம் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது. நூலகம் பிழைத்தது. 2023 ஜூலை 15ஆம் நாள் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பெற்றுத் தென்மாவட்ட இளைஞர்க்கும் அத்தகைய வாய்ப்பு ஏற்பட்டிருக்கிறது.

நம் கழகப் படிப்பகத்திற்கு நூல் வாங்கும் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியலில் பொது அறிவு நூல்களுக்குக் கீழே பத்துக் கதை நூல்களுக்கும் இடம் ஒதுக்குக. எவை என்பதைப் படிக்கும் பிள்ளைகளே சொல்லட்டும். மற்றபடி, கோட்டூர்புரம் போவது கடினமன்று. வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் நடந்து செல்லும் தொலைவே. உள்ளே நுழைந்து, தேர்வுக்குப் படிப்போர் அமர்ந்திருக்கும் பகுதியைக் கடந்து, இரண்டாம் தளத்திற்கு ஏறுக.